கதைக்குக் கீழே ஒரு கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழில் சனிக்கிழமைதோறும் வருகிற மாணவர் பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். குறை என்று எடுத்துக்கொண்டாலும் சரி, யோசனை என்று எடுத்துக்கொண்டாலும் சரி.

அந்தப் பக்கத்தில் வாராவாரம் ஒரு சிறுகதையைச் சுருக்கிப் போடுகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் கதை முடிந்ததும் மஞ்சளில் ஒரு கட்டம் கட்டி 'கதை தரும் பாடம்' என்று இரண்டு வரி போடுகிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற என் பேத்தியைப் பள்ளியில் ஒரு கதை படித்துக் கருத்து எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அவள் உங்கள் பேப்பரை எடுத்தாள், கட்டத்தை மட்டும் பார்த்தாள், 'நேர்மையாக வாழ வேண்டும்' என்று நோட்டில் எழுதினாள், ஸ்கேல் வைத்து அடியில் சிவப்புக் கோடு போட்டாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "கதையைப் படிக்கலையாம்மா?" என்று கேட்டேன். "அதான் கீழயே போட்டிருக்கே தாத்தா" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. விலை ஒட்டியிருக்கிற பாத்திரத்தை எவரும் தட்டிப் பார்ப்பதில்லை.

அந்த வாரம் நீங்கள் போட்டிருந்த கதை புதுமைப்பித்தனின் 'மனித யந்திரம்'. அதற்குப் போய் 'நேர்மை' என்று போட்டுவிட்டீர்களே என்றுதான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. எஸ்.எஸ்.எல்.சி., அப்புறம் டைப்ரைட்டிங் லோயர். 1974-ல் திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதச் சேர்ந்து 2005 வரை அங்கேயே இருந்தேன். தினமும் சிட்டை என்கிற நாள் கணக்கு, வாரம் ஒருமுறை பேரேடு, மார்ச் 31 ஆனால் ஐந்தொகை என்கிற வருஷக் கணக்கு. கதை படிக்கிற பழக்கம் அந்தக் கடையில்தான் வந்தது, அதுவும் ஒரு கோணல் வழியில்.

பாத்திரம் வாங்குகிறவர்களுக்குத் தாளில் சுற்றிக் கொடுக்க வேண்டும். எவர்சில்வர் ஒன்றோடொன்று உரசினால் கோடு விழுந்துவிடும். அதற்காகப் பழைய பேப்பரும் வாரப் பத்திரிகைகளும் கிலோக் கணக்கில் வாங்கிப் போட்டிருப்போம். மதியம் இரண்டு மணிக்கு மேல், ஆடி மாதமென்றால் நாள் முழுக்கவே, கடையில் ஈ ஓட்டுகிற வேலைதான். அப்போது அந்தக் கட்டிலிருந்து உருவி உருவிப் படிப்பேன். அட்டை இருக்காது, நடுத்தாள் இருக்காது. 'தொடர்ச்சி 64-ஆம் பக்கம்' என்று இருக்கும். அந்த 64-ஆம் பக்கம் அன்று காலையில்தான் ஒரு குத்துவிளக்கைச் சுற்றிக்கொண்டு சுரண்டைக்கோ அம்பாசமுத்திரத்துக்கோ போயிருக்கும். ஆக முதல் ஏழெட்டு வருஷம் நான் படித்த கதைகளில் பாதிக்கு மேல் முடிவு கிடையாது. எழுதியவர் பெயர்கூடப் பலவற்றில் கிழிந்திருக்கும்.

கடை வாசலில் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுகிற அண்ணாச்சி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அதற்கெல்லாம் மிஷின் வராத காலம். சின்ன உளி, சின்னச் சுத்தியல், புள்ளி புள்ளியாக எழுத்து விழும். எழுத்துக்கு இத்தனை பைசா என்று கணக்கு. 'சுப்புலட்சுமி' என்றால் முகம் மலர்ந்துவிடும். 'உமா' என்று யாராவது சொன்னால் பதிலே பேசாமல் வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார். நான் படித்த கதையை அவருக்குச் சொல்வேன், முடிவை இரண்டு பேருமாகச் சேர்ந்து போடுவோம்.

ஒருதரம் இப்படி ஒரு கதை. புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு ஒருத்தி டிரங்குப் பெட்டியோடு பஸ்ஸுக்கு நிற்கிறாள். பஸ் வருகிறது. அதோடு தாள் தீர்ந்தது. அவள் ஏறினாளா, வீட்டுக்குத் திரும்பினாளா? மூன்று நாள் இதே பேச்சு. திரும்பியிருப்பாள் என்பது என் கட்சி, பத்திரிகைக் கதையில் வேறென்ன செய்வாள்? சரக்கு எடுத்துக் கொடுக்கிற பையன்களும் என் பக்கம். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் ஒரு குடத்தின் கழுத்தில் தட்டிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் தலையைத் தூக்காமலே, "ஏறிட்டா. திரும்பல்லாம் மாட்டா" என்றார்.

"எப்படிச் சொல்லுதீய?"

"பெட்டியைத் தூக்கிட்டு முக்கு வரைக்கும் வந்தாச்சு. இனி திரும்புனா தெருவே பாக்குமில்லா?"

மறுபடி தட்ட ஆரம்பித்துவிட்டார். அவர் வீட்டில் என்ன நடந்தது என்பது ரொம்ப நாள் கழித்து, வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரிந்த அன்றைக்கு, அந்த மூன்று நாளும் நான் எவ்வளவு உற்சாகமாக வாதாடினேன் என்பது ஞாபகம் வந்து கூசிப்போனது. அந்தத் தாள் முழுசாக இருந்து, அடியில் ஒரு மஞ்சள் கட்டமும் இருந்திருந்தால், நாங்கள் அரை நிமிஷத்தில் கதையை முடித்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்போம். அண்ணாச்சி அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

முழுக் கதைகளை நான் படிக்க ஆரம்பித்தது பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினர் ஆன பிறகு. 'மனித யந்திரம்' அப்படித்தான் கிடைத்தது. புதுமைப்பித்தன் இங்கே இந்துக் கல்லூரியில் படித்தவர், அவர் கதையில் வருகிறவர்கள் எங்கள் பேச்சைப் பேசுகிறவர்கள், அதனால் சொந்தக்காரர் எழுதிய கடிதம் போல் இருக்கும். மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று ஒரு கடைக் குமாஸ்தா. நாற்பத்தைந்து வருஷமாக அதே கடை, அதே பாதை. ஓர் இரவு கடைப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் போய்விடலாம் என்று கிளம்புகிறார். ரயிலடிக்குப் போய், வண்டியிலும் ஏறி உட்கார்ந்துவிட்டு, இறங்கித் திரும்பி வந்து பணத்தை இருந்த இடத்தில் வைக்கிறார். இடையில் செலவான சில்லறையைத் தன் பற்றில், அதாவது தான் கடைக்குத் தர வேண்டிய கணக்கில், எழுதிவிடுகிறார். அவ்வளவுதான் கதை.

அதைப் படித்தபோது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை. சிரித்தேன். நல்ல கோழை என்று நினைத்தேன்.

1986 வைகாசி. முகூர்த்தத்துக்கு மேல் முகூர்த்தம், கடையில் நிற்க இடமில்லை. முதலாளி திருச்செந்தூர் போயிருந்தார், சாவி என்னிடம். தெரிந்த கிராமத்துக்காரர் ஒருவர் மகள் கல்யாணப் பாத்திரத்துக்கு முன்பணமாக 1,500 ரூபாய் கொடுத்துவிட்டு, "கணக்குல வச்சுக்கிடுங்க" என்று ரசீதுகூடக் கேட்காமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். ஒரு துண்டுச் சீட்டில் அவர் பெயரையும் தொகையையும் குறித்தேன். இரவு கடை அடைத்ததும் சீட்டுகளையெல்லாம் சிட்டையில் ஏற்ற வேண்டும். ஏற்றினேன், அந்த ஒன்றைத் தவிர. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், பணத்தையும் சேர்த்து.

என் தங்கைக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எனக்கு மாதச் சம்பளம் 450. ஏலச்சீட்டு இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும், வந்ததும் பழைய தேதிக்கு ஏற்றிவிடலாம் என்று கணக்கு. கணக்குப்பிள்ளைக்குக் கணக்குப் போடத் தெரியாதா?

கடையைப் பூட்டிவிட்டுச் சந்திப் பிள்ளையார் முக்கு வரை நடந்தேன். ஒரு டீ குடித்தேன். டீக்கடையில் பாட்டு ஓடியது, அது என்ன பாட்டு என்பது ஞாபகமில்லை, டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் திரும்பி நடந்து, கடையைத் திறந்து, விளக்கைப் போட்டு, சிட்டையில் கடைசி வரியாக அந்த 1,500-ஐ எழுதினேன். பணத்தை இரும்புப் பெட்டியில் வைத்தேன். வீட்டுக்குப் போகும்போது மணி பதினொன்றரை. ஏன் லேட் என்று கேட்டதற்கு, கணக்கு நேராகாமல் இடித்தது என்றேன்.

நான் ஏன் திரும்பினேன்? நேர்மை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த டீக்கடையில் நேர்மை என்கிற நினைப்பே எனக்கு வரவில்லை. சிட்டையின் அந்தப் பக்கத்தில் ஒரு வரி குறைகிறது என்பதுதான் அரித்துக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு வருஷம் எழுதிப் பழகிய கை. வேறு எதுவுமில்லை. மீனாட்சிசுந்தரம் பிள்ளை எதற்காகத் திரும்பினார் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. 'யந்திரம்' என்று ஏன் பெயர் வைத்தார் என்பதும். அவரைத் திருந்தியவர் என்றோ நல்லவர் என்றோ புதுமைப்பித்தன் சொல்லவில்லை ஐயா. உங்கள் கட்டம் சொல்கிறது.

2005-ல் எனக்குச் சால்வை போட்டு, "முப்பத்தோரு வருஷத்துல ஒத்தப் பைசா இடிக்காத மனுஷன்" என்றார் முதலாளி. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் கும்பிட்டேன். ஆனால் அந்தப் பாராட்டை முழுசாக வாங்கிக்கொள்ள முடியாமல் செய்தது இந்தக் கதை. அதே சமயம், கடைப் பையன் எவனாவது இருபது, முப்பது ரூபாயை எடுத்து மாட்டிக்கொண்டால், முதலாளிக்குப் போகாமல் நானே அவன் பற்றில் எழுதிவிடுவேன். பற்று என்று ஒரு பக்கம் இருப்பதே அதற்குத்தான் என்று எனக்குத் தோன்றும். இது சரியா என்று தெரியாது. முதலாளி கண்ணில் நிச்சயம் சரியில்லை.

இன்னொரு கதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுந்தர ராமசாமியின் 'விகாசம்'. அவர் நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தியவர், கல்லாவும் பில்லும் என்னவென்று தெரிந்து எழுதியிருப்பார். ஜவுளிக்கடையில் ராவுத்தர் என்று கண் தெரியாத ஒருவர். எவ்வளவு நீளப் பில்லானாலும் மனசாலேயே கூட்டிச் சொல்கிறவர். கடைக்கு ஒரு கால்குலேட்டர் வந்துவிடுகிறது. மனுஷர் இடிந்துபோகிறார். அப்புறம் மெல்ல மெல்ல, கடையில் ஒருவருக்கும் ஞாபகமில்லாத விஷயங்களையெல்லாம் எடுத்துச் சொல்ல ஆரம்பித்து, முன்னைவிட வேண்டியவராகிவிடுகிறார்.

எனக்கும் கொஞ்சம் அந்த வித்தை உண்டு. பித்தளை அண்டா 6 கிலோ 350, இன்ன விலை, அதில் பழைய பித்தளைக்கு உடைசல் கழித்து இவ்வளவு என்று பேப்பர் இல்லாமல் சொல்லிவிடுவேன். 1999-ல் முதலாளியின் மகன் கடைக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தான். நான் பயப்படவில்லை. 'விகாசம்' படித்தவனாயிற்றே! ராவுத்தர் வழிதான் நம் வழி என்று இருந்தேன். எந்தக் குடும்பம் எந்தக் கல்யாணத்துக்கு என்ன எடுத்தார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. கல்லிடைக்குறிச்சிக்காரர் உள்ளே நுழையும்போதே, "மூத்த பிள்ளைக்கு எடுத்த மாதிரி அடுக்குப் பானையா?" என்று கேட்பேன். அவர் குளிர்ந்துபோவார். இரண்டு வருஷம் வண்டி ஓடியது. அப்புறம் அந்தப் பையன் கம்ப்யூட்டரில் வாடிக்கையாளர் பெயரைத் தட்டினால் பத்து வருஷக் கொள்முதலும் வருகிற மாதிரி ஏதோ செய்துவிட்டான். பழைய பேரேடுகளைப் பார்த்து அதையெல்லாம் ஏற்றிக் கொடுத்ததும் நான்தான்.

ராவுத்தருக்கு வாய்த்த கால்குலேட்டருக்கு ஞாபக சக்தி கிடையாது. எனக்கு வாய்த்ததற்கு இருந்தது.

கடைசி மூன்று வருஷம் பாக்கி வசூலுக்கு சைக்கிளில் அலைந்தேன். வெயிலில் பேட்டை வரை மிதித்துப் போகும்போது சுந்தர ராமசாமி மேல் கோபம் கோபமாக வரும். நம்பிக் கெட்டோமே என்று. ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கதையைத் திரும்ப எடுத்துப் படித்தேன். முதல் தடவை கவனிக்காத ஒன்று பட்டது. கதையை ராவுத்தர் சொல்லவில்லை, முதலாளியின் மகன் சொல்கிறான். கால்குலேட்டர் வந்த அன்றைக்கு ராவுத்தர் இரவு தூங்கினாரா என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? எங்கள் முதலாளி மகனிடம் என் கதையைச் சொல்லச் சொன்னாலும் சந்தோஷமாகத்தான் முடிப்பான். நல்ல பையன், இன்றைக்கும் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தனுப்புகிறான். இப்படி யோசித்தபிறகு கோபம் போய்விட்டது. அந்தக் கதையில் ராவுத்தர் பேசாமல் இருக்கிற நாட்கள் வருகின்றன இல்லையா, இப்போதெல்லாம் நான் அந்த இடத்தில்தான் நிறுத்தி நிறுத்திப் படிக்கிறேன்.

கதையிலிருந்து பாடம் எடுத்து உடனே நடைமுறைப்படுத்தப் போய் அசடு வழிந்ததும் உண்டு. கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' தெரிந்திருக்கும். இடைச்செவல்காரர், அவர் இறந்த 1970-ஆம் ஆண்டுக்கே அந்தப் பெயரில் வந்த தொகுதிக்கு சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தெருக் குழந்தைகளில் தனக்குப் பரிசு வராத சாரங்கன், டைரியைத் தானே எடுத்துவந்து, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்வான். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் கடைக்கு வருஷப் பிறப்புக்கு மொத்த வியாபாரிகள் டைரி, காலண்டர் எல்லாம் கொடுப்பார்கள், பிரித்துக் கொடுப்பது என் வேலை. டீ கொண்டுவருகிற பையன் என் பட்டியலில் ஒருநாளும் இருந்ததில்லை என்பது உறைத்தது. அந்த ஜனவரி, இருந்ததிலேயே நல்ல டைரியாக எடுத்து, ரெக்சின் அட்டை போட்டது, முதல் பக்கத்தில் அவன் பெயரை அழகாக எழுதி, என் கையெழுத்தும் போட்டு நீட்டினேன். கண் கலங்கத் தயாராகத்தான் இருந்தேன்.

அவன் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுல்லா அண்ணாச்சி. முருகர் படம் போட்ட காலண்டர் ஒண்ணு இருந்தாக் குடுங்க, அம்மைக்கு வேணும்" என்றான்.

கொடுத்தேன். டைரியையும் வைத்துக்கொள்ளச் சொன்னேன், வாங்கிக்கொள்ளவில்லை. ஆறு வருஷமாக என் முன்னால் டீ வைத்துவிட்டுப் போகிற பையனுக்கு எழுத்துத் தெரியாது என்பது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. அழகிரிசாமி அதைத்தான் எழுதியிருந்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். நான்தான் டைரியை மட்டும் பிடித்துக்கொண்டுவிட்டேன்.

அசோகமித்திரனின் 'எலி' என்று ஒரு கதை, பொறியில் மாட்டிய எலி வைத்த வடையைத் தின்னாமலே செத்துப்போகும். அதைப் படித்தபிறகும் நான் எலிப்பொறி வைக்காமல் இருக்கவில்லை. வைக்கிறேன். செத்த எலியின் பொறியில் வடை அப்படியே கிடப்பதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன், அவ்வளவுதான் முன்னேற்றம். இதற்கு என்ன பாடம் போடுவீர்கள்?

ஆகவே என் கோரிக்கை இதுதான். அந்த மஞ்சள் கட்டத்தை எடுத்துவிடுங்கள். இடம் காலியாக இருந்தால் பக்கம் அழகில்லை என்று வடிவமைப்பவர் சொன்னால் ஒரு விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள், பாத்திரக்கடை விளம்பரமே போடலாம், எனக்கு ஆட்சேபணையில்லை. கதையைச் சுருக்காமல் முழுசாகப் போடுவதற்கு அந்த இடம் உதவினால் இன்னும் நல்லது. ஆசிரியர்கள் வகுப்பில் கேட்பதற்கு வசதியாக ஏதாவது வேண்டுமென்றால் ஒரு கேள்வி போடுங்கள். 'பிள்ளை ஏன் ரயிலிலிருந்து இறங்கினார்?' என்பதுபோல.

என் பேத்தியை உட்கார்த்தி வைத்து அன்றைக்கே முழுக் கதையையும் நூலகப் புத்தகத்திலிருந்து படிக்கச் சொன்னேன். முனகிக்கொண்டுதான் படித்தாள். முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "இவர் மறுநாளும் அதே கடைக்குத்தான் போவாரா தாத்தா?" என்றாள். ஆமாம் என்றேன். "ஐயே" என்றாள். நோட்டில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு வேறென்னவோ எழுதினாள், என்னிடம் காட்டவில்லை. மறுநாள் டீச்சர் அதற்கு 'சரி' போட்டிருந்தாரா, 'தவறு' போட்டிருந்தாரா என்று நானும் கேட்கவில்லை.

கடிதத்தை வெளியிடுவதானால் என் பெயரைப் போட வேண்டாம். தங்கை கல்யாணம் வேறு வழியில் நல்லபடியாக நடந்துவிட்டது, கடன் எல்லாம் அடைந்துவிட்டது. ஆனால் அந்தத் துண்டுச் சீட்டு விஷயம் வீட்டில் இன்னும் ஒருவருக்கும் தெரியாது. என் மனைவி உங்கள் பேப்பரில் வாசகர் கடிதத்தைத்தான் முதலில் படிப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை ஒருவர்,
திருநெல்வேலி டவுன்.